வலது பக்கத்து எண்கள்

அமெரிக்காவில் நான் முதலில் பார்த்த வேலைக்குச் சம்பளம் கிடையாது. கணவரின் விசாவோடு ஒட்டிக்கொண்டு வந்தவள் சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது என்பது சட்டம். தொண்ணூறுகளின் நடுவில் ஃப்ரீமான்ட்டில் ஒரு அபார்ட்மென்ட்டின் மாடியில் குடியிருந்தோம். அவர் மில்பிடாஸில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இன்ஜினியர். காலையில் அவர் கிளம்பிய பிறகு வீட்டில் நானும் ஃப்ரிட்ஜும்தான். ஃபிசிக்ஸில் எம்.எஸ்சி. முதல் வகுப்பு வாங்கியவள், மோரி அவென்யூ கடையில் எந்தக் கிழமை முருங்கைக்காய் வந்து இறங்கும் என்பதில் நிபுணியாகிக்கொண்டிருந்தேன். எனக்கு அதில் பயங்கரக் கோபம். சட்டத்தின் மேல் காட்ட முடியாத கோபத்தை அவர்மேல் காட்டிக்கொண்டிருந்தேன்.

பொறுக்க முடியாமல் அவர்தான் ஒரு நாள் ஒரு துண்டுக் காகிதத்தோடு வந்தார். சான் ஹோசே பக்கம் ஒரு நூலகத்தில் பழைய விஞ்ஞானிகளின் கடிதங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள், ஜெர்மன் தெரிந்த ஆட்கள் வேண்டும், சம்பளம் இல்லை என்று அதில் இருந்தது. சென்னையில் எம்.எஸ்சி. படித்தபோது இரண்டு வருடம் மாலை வகுப்புக்குப் போய் ஜெர்மன் படித்திருந்தேன். பெரிய விஞ்ஞானி ஆகப்போகிறவளுக்கு ஜெர்மன் வேண்டும் என்று யாரோ சொன்னதை நம்பித்தான். விஞ்ஞானி ஆகவில்லை, ஜெர்மன் மட்டும் மிஞ்சியிருந்தது.

பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு இது பிடிபடவே இல்லை.

"சும்மாவா வேல பாக்கற? ஒரு காசு கூடக் குடுக்க மாட்டாங்களா? அதுக்கு என்கிட்ட வா, வடாம் போட ஆள் வேணும்" என்றார்.

நூலகத்தின் அடித்தளத்தில் ஒரு சின்ன அறை. டி.வி. பெட்டி போல ஒரு மைக்ரோஃபிலிம் கருவி. சக்கரத்தைச் சுற்றினால் கடிதங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் வரும். பொறுப்பில் இருந்த நூலகர் என்னைவிட நாலைந்து வயது மூத்த அமெரிக்கப் பெண். காதில் எப்போதும் ஒரு பென்சில். பேச்சு குறைவு. முதல் நாள் அவர் சொன்ன விதி ஒன்றே ஒன்றுதான். கண்ணில் படுவதை அப்படியே கம்ப்யூட்டரில் அடிக்க வேண்டும். தப்பு என்று தோன்றினாலும் தப்பாகவே அடிக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் அடியில் ஒரு குறிப்பு போடலாம், மேலே கை வைக்கக் கூடாது. இதற்கு எம்.எஸ்சி. எதற்கு என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

கடிதங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் இருபது, இருபத்தைந்து வருடங்களைச் சேர்ந்தவை. ஐரோப்பாவின் பல ஊர்களில் இருந்த வானியல்காரர்களும் சோதனைக்காரர்களும் ஒருவருக்கொருவர் எழுதியவை. அந்தக் காலத்து ஜெர்மன் கையெழுத்து நான் படித்த அச்சு ஜெர்மனுக்குச் சொந்தமே இல்லை என்பது போல இருந்தது. ஒரு பக்கம் படிக்க முதலில் இரண்டு நாள் ஆனது. பல ஊர்களில் தபாலுக்குப் பணம் கொடுப்பவர் கடிதத்தைப் பெறுகிறவர்தான், அதுவும் எத்தனை தாள் என்று பார்த்து. அதனால் நண்பனுக்குச் செலவு வைக்காமல் இருக்க, பக்கத்தை நிறைத்துவிட்டு, அதே தாளைத் திருப்பிவைத்து எழுதியதன் குறுக்கே எழுதுவார்கள். கோலத்தின் மேல் கோலம் போட்டது போல இருக்கும். தலையைச் சாய்த்துச் சாய்த்துப் படித்து எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது.

ஆனால் படிக்கப் பழகியபின் என்னால் நிறுத்த முடியவில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, சில நாட்கள் அந்த அறையில் உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். ஒரு கடிதத்தில் புதிதாகக் கண்டுபிடித்த ஒரு சிறிய கிரகம் சூரியனின் வெளிச்சத்துக்குள் தொலைந்துபோனதாக ஒருவர் புலம்புகிறார். அடுத்த சில கடிதங்களில், வெறும் காகிதத்தில் கணக்குப் போட்டு ஒருவர் சொன்ன திசையில் இன்னொருவர் டெலஸ்கோப்பைத் திருப்புகிறார். அது அங்கே இருக்கிறது. மின்சாரம் ஓடும் கம்பியின் பக்கத்தில் திசைகாட்டி முள் அசைகிறது என்ற செய்தி வந்ததும் ஊர் ஊராகச் சாப்பாட்டு மேசையில் கம்பியைக் கட்டிச் செய்து பார்த்துவிட்டு, ஆமாம், என்னிடமும் அசைந்தது என்று எழுதுகிறார்கள். அவர்களுடைய அரசர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டிருந்த வருடங்களில் இவர்கள் எதிரி நாட்டுக்காரனுக்கு வால்நட்சத்திரம் எங்கே தெரிகிறது என்று எழுதியிருக்கிறார்கள். நடுநடுவே பல்வலி, மூன்று வாரமாக விடாத மேகம், மனைவிக்குக் காய்ச்சல், வைக்கோலில் பொதிந்து அனுப்பிய கண்ணாடி உடைந்து வந்த சேதி. இவ்வளவு பெரிய வானத்தை இவ்வளவு சாதாரண மனிதர்கள் தபாலில் பங்குபோட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்பது எனக்கு யாரும் சொல்லித்தராத விஷயம். மாலையில் காரில் ஏறியதும் கணவரிடம் இதையெல்லாம் மூச்சு விடாமல் சொல்லுவேன். வீட்டில் சண்டை குறைந்ததில் அவருக்கும் அந்த விஞ்ஞானிகள் மேல் ஒரு மரியாதை வந்திருந்தது.

ஆறேழு மாதத்தில் நூலகரிடம் நல்ல பேர் வாங்கினேன். ஒரு கடிதத்தின் தேதி, அது பதில் சொல்லும் கடிதத்தின் தேதிக்கு முந்தியதாக இருந்தது. எழுதியவரே கைத்தவறாகப் போட்டிருக்கிறார் என்று அடியில் குறிப்பு போட்டேன். நூலகர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, உனக்கு முன்னால் நான்கு பேர் பார்த்த கடிதம் இது, யாருக்கும் தெரியவில்லை என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு நீளமான வாக்கியம் அதற்கு முன் வந்ததில்லை. கொஞ்ச நாளில் இன்னொரு விஷயமும் சொன்னார். அந்த வேலைக்கு நிரந்தரமாக ஒரு ஆளை எடுக்கப் போகிறார்கள், சம்பளத்தோடு, வேலை விசாவுக்கும் நூலகமே விண்ணப்பிக்கும். என்னைப் பற்றிச் சிபாரிசுக் கடிதம் எழுதப்போகிறார். நான் அன்றைக்குத் தரையில் நடக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் பட்டியல் வந்தது.

அதைச் சொல்வதற்கு முன் என் கல்லூரி ஆய்வகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு சிறிய பெண்கள் கல்லூரியில் பி.எஸ்சி. படித்தேன். அங்கே ஒரு சோதனை உண்டு. ஆய்வக உதவியாளர் மாடி வராந்தாவிலிருந்து ஒரு இரும்புக் குண்டைப் போடுவார். கீழே மணல் பெட்டி. பக்கத்தில் இரண்டு பெண்கள் ஆளுக்கொரு ஸ்டாப் வாட்ச்சோடு நிற்க வேண்டும். அவர் மூன்று எண்ணிக் கை விடும்போது அமுக்கி, குண்டு மணலில் விழுந்ததைப் பார்த்ததும் மறுபடி அமுக்க வேண்டும். வந்த நேரத்தை வைத்துப் புவியீர்ப்பைக் கணக்கிட வேண்டும். விடை என்ன வர வேண்டும் என்று பாடப் புத்தகத்தில் இருக்கிறதே. அதனால் நாங்கள் எல்லோரும் முதலில் பென்சிலில் எழுதுவோம். பிறகு விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, எண்களை இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் தட்டிச் சரிசெய்து, அதற்கப்புறம்தான் பேனாவை எடுப்போம். இதை யாரும் பொய் என்று நினைத்ததில்லை. ரெக்கார்டு எழுதுவது என்றால் அதுதான். கொஞ்சம் பிசிறு இருக்கட்டும், ரொம்ப அழகாக வந்தால் சந்தேகப்படுவார்கள் என்பது வரைக்கும் எங்களுக்குத் தேர்ச்சி இருந்தது.

என்னோடு வாட்ச் பிடித்தவள் தாராபுரத்துப் பெண். ஒரே பெஞ்ச், ஒரே டிபன் பாக்ஸ். ஒரே குண்டை இரண்டு பேரும் பார்த்தாலும் அவள் நேரம் எப்போதும் நான் எழுதிய நேரத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக இருக்கும். பத்து தடவை போட்டால் பத்து தடவையும்.

"கொஞ்சம் கொறைச்சு எழுதிக்க புள்ள. என்னோடதப் பாத்து சரி பண்ணிக்க" என்றேன்.

"நான் பாத்தது இதுதான புள்ள. பாக்காதத எப்படி எழுதறது?" என்றாள்.

ரெக்கார்டைத் திருத்திய ஆசிரியர் இரண்டு பேரையும் கூப்பிட்டார். ஒரே குண்டுக்கு எப்படி இரண்டு நேரம், யாருடையது சரி என்றார். நான் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "அவ எப்பவுமே லேட்டு சார்" என்றேன். அவர் அவள் பக்கத்தில் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டு, கவனமில்லை என்று எழுதினார். பரீட்சையிலும் அவளுக்கு அதே சோதனைதான் வந்தது. அவள் பார்த்ததை எழுதினாள். முதல் வகுப்பு போயிற்று, எம்.எஸ்சி. சீட்டும் போயிற்று. நான் சென்னைக்குப் போனேன், அவள் தாராபுரத்துக்குத் திரும்பினாள். அதன்பின் இரண்டு பேரும் கடிதம் எழுதிக்கொள்ளவில்லை.

இப்போது பட்டியல். ஒரு வானியல்காரர் தூரத்து ஊரில் இருந்த தன் நண்பருக்கு எழுதிய கடிதம் அது. அவருடைய வானாய்வுக் கூடத்துக்கு இன்னொரு வானியல்காரர் விருந்தாளியாக வந்திருக்கிறார். இரண்டு பேரும் அதே டெலஸ்கோப்பில், அதே கடிகாரத்தை வைத்து, அதே பத்து நட்சத்திரங்களைப் பார்த்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் பார்க்கிற முறை இது: டெலஸ்கோப்பின் கண்ணாடிக்குள் மெல்லிய சிலந்தி இழையை நெடுக்காகக் கட்டியிருப்பார்கள். பக்கத்தில் ஊசல் கடிகாரம் வினாடிக்கு ஒருமுறை அடித்துக்கொண்டிருக்கும். நட்சத்திரம் ஊர்ந்து வந்து இழையைத் தாண்டும். எந்த இரண்டு அடிகளுக்கு நடுவில் தாண்டியது, அந்த நடுவிலும் பத்தில் எத்தனை பங்கில் தாண்டியது என்று காதால் எண்ணி, கண்ணால் பார்த்து எழுத வேண்டும். பட்டியலில் இடது பக்கம் கடிதம் எழுதியவர் பார்த்த நேரம், வலது பக்கம் விருந்தாளி பார்த்த நேரம். கடிதத்தில் வேறு விளக்கம் ஒன்றும் இல்லை. நான் எதுவும் சொல்லப்போவதில்லை, நீங்களே பார்த்துவிட்டு என்ன தெரிகிறது என்று சொல்லுங்கள் என்கிற பொருளில் ஒரு வரி மட்டும் இருந்தது. அதை நான் மரியாதைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன். அவர்கள் கடிதங்களில் நம்மூர்க் கல்யாணப் பத்திரிகை அளவுக்கு மரியாதை இருக்கும்.

வலது பக்கத்து எண்கள் பத்தும் இடது பக்கத்து எண்களைவிட ஒரு வினாடிக்கும் சற்று மேலாகவே கூடுதலாக இருந்தன. பத்தில் ஒரு பங்கைப் பிடிக்கிற ஆட்கள் முழுசாக ஒரு வினாடி வித்தியாசப்படுவார்களா? பட்டியலைப் பிரதி எடுத்தவர் வலது பக்கத்தை எழுதும்போது ஒரு வினாடி கூட்டிவிட்டார் என்று முடிவுகட்டினேன். குறிப்பு போட்டிருக்கலாம். ஆனால் பத்து எண்ணுக்கும் பத்துக் குறிப்பு போட்டால் பக்கம் அசிங்கமாக இருக்குமே என்று தோன்றியது. வலது பக்கத்து எண்கள் பத்திலும் ஒவ்வொரு வினாடியைக் குறைத்து அடித்தேன். இரண்டு பக்கமும் அழகாகப் பொருந்தின, பிசிறு கூட அளவாக இருந்தது. உண்மையைச் சொன்னால் அப்போது எனக்கு ஏற்பட்டது நிம்மதி. ஃப்ளாப்பியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் வெங்காய சாம்பார் வைத்தேன்.

மூன்று வாரம் கழித்து அடுத்த ஃபிலிம் சுருள் வந்தது. அதில் இருந்தது அந்த நண்பரின் பதில்.

பட்டியலை மூன்று முறை படித்தாராம். உங்கள் விருந்தாளி எல்லா நட்சத்திரத்தையும் உங்களைவிட ஒரு வினாடிக்கு மேல் தாமதமாகப் பார்க்கிறாரே, கடிகாரமும் ஒன்று, டெலஸ்கோப்பும் ஒன்று, அப்படியானால் மனிதர்கள்தானே வேறு என்று எழுதியிருந்தார். நம்பாமல் தன் உதவியாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தானும் பார்த்திருக்கிறார். அவர்களுக்குள்ளும் வித்தியாசம், ஒவ்வொரு இரவும் கிட்டத்தட்ட அதே அளவு. இரண்டு பேரும் கவனமானவர்கள், இரண்டு பேரும் பார்த்ததைத்தான் எழுதினார்கள். ஒவ்வொரு மனிதனுக்கும் அவனுக்கே உரிய ஒரு தாமதம் இருக்கிறது போலும், இத்தனை நாள் நாம் கண்ணாடியையும் கடிகாரத்தையும் சோதித்தோம், பார்க்கிறவனைச் சோதிக்கவில்லை என்கிறார். அதன் குறுக்கே எழுதிய வரிகளில் இன்னொரு விஷயம். முன்பு இங்கிலாந்தில் ஒரு வானாய்வுக் கூடத்தில் தலைவரைவிட முக்கால் வினாடி தாமதமாகப் பார்க்கிறான் என்று ஒரு உதவியாளரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அவன் அலட்சியமானவன் என்றுதான் எல்லோரும் நினைத்தோம், பாவம், அவன் ஒரு தப்பும் செய்யவில்லை.

என் கை சக்கரத்திலேயே நின்றுவிட்டது. தன் கண்ணையும் காதையுமே ஒரு கருவியாக மேசைமேல் வைத்து, அதில் எவ்வளவு பிழை என்று நண்பனிடம் தபாலில் கேட்கிற துணிச்சல் எப்பேர்ப்பட்டது! வானத்தை அளக்கப் போனவர்கள் வழியில் மனிதனை அளந்துவிட்டார்கள். அந்த ஆச்சரியம் ஒரு நிமிஷம் முழுசாக என்னுடையதாக இருந்தது. அதற்குப் பிறகுதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்பது உறைத்தது. அந்தக் கண்டுபிடிப்பு முழுவதும் வலது பக்கத்து எண்களில் இருந்தது. அதைத்தான் நான் துடைத்துவிட்டிருந்தேன். கூடவே இன்னொரு குரலும் கேட்டது, என் குரல்தான். அவ எப்பவுமே லேட்டு சார்.

என் ஃப்ளாப்பி ஏற்கெனவே டெக்சாஸுக்குப் போயிருந்தது. அங்கே ஒரு ஆராய்ச்சியாளர் இந்தக் கடிதங்களைத் தொகுத்துப் புத்தகமாகப் போடுகிறார். அடுத்த வாரம் அச்சுக்கு. என் சிபாரிசுக் கடிதம் திங்கட்கிழமை போகிறது. காரில் 880 நெடுஞ்சாலையில் நத்தையாக ஊர்ந்துகொண்டிருந்தபோது கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"டைப்போன்னு சொல்லிடு. புது ஃப்ளாப்பி ஒண்ணு குடுத்துட்டு, இதான் லேட்டஸ்ட் வெர்ஷன்னு சொல்லு. முடிஞ்சுது" என்றார்.

"பத்து டைப்போவா? எல்லாம் ஒரே பக்கத்துல, எல்லாம் ஒரே அளவுக்கா?"

"எண்ணிப் பாக்கவா போறாங்க?"

"எண்ணிப் பாக்கறதுதாங்க அவங்க வேலையே."

"அப்ப ஒண்ணு பண்ணு. லெட்டர் போகட்டும். விசா அப்ளை பண்ணினதுக்கப்பறம் சொல்லு."

"அதுக்குள்ள புக் பிரிண்ட்டுக்குப் போயிடும்."

"நீ ஒரு வருஷமா வீட்ல எப்பிடி இருந்தன்னு எனக்குத் தெரியும். அதான் சொன்னேன்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. என் கோபத்தோடு குடித்தனம் நடத்தியவர் அவர்தானே.

மறுநாள் காலையில் நூலகரிடம் சொன்னேன். உட்காராமல், நின்றபடியே சொல்லி முடித்தேன். அவர் திட்டவில்லை. பழைய சுருளை எடுத்துக் கருவியில் மாட்டி, திரையில் இருந்த பட்டியலையும் நான் அடித்திருந்த தாளையும் வரி வரியாக ஒப்பிட்டார். பத்து வரிக்கும் பென்சில் முனை இறங்கியது. பிறகு திரும்பி என்னைப் பார்த்து, வேறு எத்தனை இடத்தில் இப்படிச் செய்திருக்கிறாய் என்று கேட்டார்.

எனக்கு அழுகை வந்தது அங்கேதான். தெரியாது என்றேன். அதுதான் உண்மை. பென்சிலில் எழுதித் தட்டிச் சரிசெய்வது எனக்குக் கையோடு ஊறிய பழக்கம், எந்த இடத்தில் செய்தேன் என்று நினைவு வைத்துக்கொள்கிற மாதிரி அதை ஒரு செயலாகவே நான் நினைத்ததில்லை.

அவர் டெக்சாஸ் எண்ணைச் சுழற்றி, ரிசீவரை என் கையில் கொடுத்துவிட்டார். நானே சொன்னேன். அந்தப் பக்கம் அந்த ஆராய்ச்சியாளர் பெருமூச்சு விட்டார். என்ன தெரிகிறது சொல்லுங்கள் என்று கடிதம் எழுதியவர் கேட்கிறாரே, இந்தப் பட்டியலில் ஒன்றுமே தெரியவில்லையே என்று பத்து நாளாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தாராம். முக்கியமில்லாத கடிதம் என்று முடிவுசெய்து புத்தகத்திலிருந்து அதை நீக்கியே விட்டாராம். சரியான எண்களைப் படியுங்கள் என்றார். திரையைப் பார்த்து ஒவ்வொன்றாகப் படித்தேன். நாலாவது எண்ணில் அவர் ஓ என்றார். அதற்கப்புறம் ஒவ்வொரு எண்ணுக்கும் ஓ என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

சிபாரிசுக் கடிதம் போகவில்லை. துல்லியமானவள் என்று உன்னைப் பற்றி எழுதியிருந்தேன், அந்தச் சொல்லை இப்போது என்னால் எழுத முடியாது என்று நூலகர் என் முகத்தைப் பார்த்தே சொன்னார். வேலை வேறொருவருக்குப் போயிற்று. ஆனால் வராதே என்று அவர் சொல்லவில்லை. நான் அதுவரை அடித்த எல்லாக் கடிதங்களையும் ஃபிலிமோடு மறுபடி ஒப்பிடச் சொன்னார். எட்டு மாதம் ஆனது. இன்னும் மூன்று இடங்களில் கை வைத்திருந்தேன். ஒன்று ஒரு வெப்பநிலை, ஒன்று ஒரு கோணம், ஒன்று இறந்துபோன ஒரு குழந்தையின் வயது. முன் கடிதத்தோடு பொருந்தவில்லை என்று நான் அந்தக் குழந்தைக்கு ஒரு வருடம் கூட்டியிருந்தேன். அதைக் கண்டுபிடித்த அன்றைக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை.

"வேல போச்சு, இன்னும் அங்கயே போயிட்டிருக்கியே" என்று பக்கத்து வீட்டு ஆன்ட்டி தலையில் அடித்துக்கொண்டார்.

அந்த மாதங்களில் ஒரு நாள் தாராபுரத்துக்குக் கடிதம் எழுதினேன். பழைய தோழி ஒருத்தியிடம் முகவரி வாங்கினேன். நான்கு தடவை கிழித்துப் போட்டேன். கடைசியில், ஏறக்குறைய நூற்றெழுபது வருடத்துக்கு முன்னால் இரண்டு பேர் பத்து நட்சத்திரங்களைப் பார்த்த கதையை எழுதி, பட்டியலை அப்படியே, இடதும் வலதுமாக, கையால் பிரதியெடுத்தேன். அந்த இங்கிலாந்து உதவியாளனைப் பற்றியும் எழுதினேன். அன்றைக்கு நீ லேட் இல்லை, நான் பொய் சொன்னேன் என்று எழுதி முடித்தேன்.

ஒன்றரை மாதத்தில் ஒரு ஏரோகிராம் வந்தது. அவளும் இடத்தை வீணாக்கவில்லை, மடிக்கிற ஓரம் வரைக்கும் எழுதியிருந்தாள். ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறாள். ஒரு மகள், எட்டு வயது.

"நீ சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை. நானும் அதை நம்பிவிட்டேன், அதுதான் கஷ்டம்" என்று எழுதியிருந்தாள். "என் கண்ணில் ஏதோ கோளாறு என்றே இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். கோயம்புத்தூரில் மூன்று டாக்டரிடம் காட்டினேன். ஒன்றும் இல்லை என்றார்கள், நம்பவில்லை. ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை. ரோட்டைத் தாண்டும்போது மகள் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். அவளுக்காக என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்காகத்தான்."

ஏரோகிராமை மடித்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். மீதியைப் படிக்கத் தைரியம் வர நேரமாயிற்று.

மீதியில் ஒரு பட்டியல் இருந்தது. என் கடிதம் வந்த ஞாயிற்றுக்கிழமையே அவளும் மகளும் ஆளுக்கொரு ஸ்டாப் வாட்ச்சோடு பள்ளிக்கூட மாடிக்குக் கீழே நின்றிருக்கிறார்கள். வாட்ச்மேன் மேலிருந்து கல் போட்டிருக்கிறார். இடது பக்கம் மகள், வலது பக்கம் அவள். வலது பக்கத்து எண்கள் எல்லாம் கொஞ்சம் அதிகம், பத்து தடவையும். அடியில் எழுதியிருந்தாள்: "நீயும் உன் வீட்டுக்காரரும் செய்து அனுப்பு புள்ள. பார்த்ததை மட்டும் எழுது."

அந்தச் சனிக்கிழமை ஆன்ட்டியின் கையில் ஒரு டென்னிஸ் பந்தைக் கொடுத்து எங்கள் மாடியில் நிறுத்தினேன். கணவரும் நானும் கீழே கார் நிறுத்துமிடத்தில் ஸ்டாப் வாட்ச் உள்ள கைக்கடிகாரங்களோடு அண்ணாந்து நின்றோம்.

"போடட்டுமாடி? ஊரே பாக்குது, சீக்கிரம் சொல்லு!" என்று ஆன்ட்டி மேலிருந்து கத்தினார்.

"போடுங்க ஆன்ட்டி!"

பத்து தடவை போட்டார். ஒவ்வொரு தடவையும் இவர் தன் எண்ணைச் சொன்னார், நான் என்னுடையதைப் பார்த்தேன். ஒன்று கூடப் பொருந்தவில்லை. வலது பக்கம் என்னுடையது, ஒன்பது தடவை அதிகம். இவ்வளவு நாளும் லேட்டாகப் பார்த்தது நானாகவும் இருந்திருக்கலாம். அன்றைக்குக் கல்லூரியில் என் வாட்ச்சில் நிஜமாக என்ன காட்டியது என்பது, பென்சிலோடு அழிந்துபோன விஷயம். கார் பானெட்டின் மேல் ஒரு புது ஏரோகிராமை விரித்து, முதலிலேயே பேனாவில் எழுதினேன்.